பச்சை, சிவப்பு, பார்க்கலாம்

முதலாளியின் கட்டைவிரல் போனுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. கீழே இறங்கவே இல்லை.

திரையில் இரண்டே பொத்தான்கள். பச்சையில் ‘சரி’. சிவப்பில் ‘இல்லை’. அவற்றுக்கு மேலே, நான் வடிவமைத்த மின்படிவத்தில் வந்த முதல் விண்ணப்பம். எருமப்பட்டிப் பண்ணையில் கோழி ஷெட்டில் வேலை செய்யும் செல்வி அனுப்பியது. ‘மூச்சு இழுப்பு இருக்கிறது. ஷெட்டிலிருந்து முட்டை ரூமுக்கு மாற்றித் தரவும்.’ அவ்வளவுதான் அதில் இருந்தது.

ஆபீசில் எல்லாரும் சுற்றி நின்றோம். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, வாழைப்பழத்தில் ஊதுபத்தி செருகி, தேங்காய்கூட உடைத்தாகிவிட்டது. முதலாளி பச்சையை அழுத்தினால் எல்லாருக்கும் இனிப்பு.

“ஏனம்மிணி,” என்று என்னைப் பார்த்தார். “பாக்கலாம்னு ஒரு பட்டன் இல்லியா?”

“இல்லீங்கய்யா. சரி, இல்லைன்னு ரெண்டுதானுங்க.”

“அதெப்படி மூஞ்சிலடிச்ச மாதிரி இல்லைன்னு சொல்றது? பாவம், அந்தப் புள்ள கேக்குது.”

“அப்ப சரின்னு அமுக்கிருங்கய்யா.”

“ஒடனே சரின்னு சொல்லிப்போட முடியுமா? பாக்கோணுமல்ல. நடுவுல ஒண்ணு வெச்சுரு. மஞ்சள்ல வெச்சீன்னா நல்லா இருக்கும்.”

சுற்றி நின்றவர்கள் நல்ல யோசனை என்று தலையாட்டினார்கள். எனக்கு உள்ளே கொதித்தது. இத்தனை மாதம் பஸ்ஸில் அலைந்து நான் கற்றுக்கொண்டு வந்தது அவருடைய வாயிலிருந்து தினமும் வருகிற ஒரு சொல்லுக்கு வர்ணம் அடித்துக் கொடுக்கத்தானா? ஆனாலும் நான் சம்பளம் வாங்குகிறவள். அன்று மதியமே மஞ்சள் பொத்தானை வைத்துக் கொடுத்தேன். செல்வியின் விண்ணப்பத்துக்குத்தான் அது முதலில் விழுந்தது. இனிப்பும் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை.

கார் கண்ணாடியில் நடந்த நிர்வாகம்

படிவம் வருவதற்கு முன்னால் எங்கள் கம்பெனியில் விண்ணப்பம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

எருமப்பட்டியில் ஒன்று, ராசிபுரம் பக்கம் ஒன்று, கெங்கவல்லி பக்கம் ஒன்று என்று முட்டைக்கோழிப் பண்ணைகள். நாமக்கல்லில் ஆபீஸ். முதலாளியின் கார் பண்ணைக்குள் நுழைந்ததும் தீவன குடோன் அருகே வேகம் குறையும். அங்கே யாராவது ஒரு பெண் முந்தானையை இடுப்பில் செருகியபடி காத்திருப்பாள். கார் நிற்காது, மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். கண்ணாடி பாதி இறங்கும்.

“சொல்லு சாமி.”

அவள் காரோடு நடந்துகொண்டே சொல்லுவாள். கூலி, லீவு, ஒழுகுகிற கூரை, எரியாத லைட்டு, எதுவானாலும் அந்த நடைக்குள் சொல்லி முடித்துவிட வேண்டும்.

“பாக்கலாஞ் சாமி.”

கண்ணாடி ஏறிவிடும்.

முதலாளி கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பெரியவர், சிறியவர் எல்லாரும் அவருக்குச் சாமிதான். அதுதான் எனக்கு ஆத்திரம். கத்துகிற மனிதனிடம் திருப்பிக் கத்தலாம். இப்படித் தேன் தடவிப் பேசுகிறவரிடம் என்ன செய்ய முடியும்? எங்கள் பக்கத்தில் ‘இல்லை’ என்று சொல்வது மரியாதைக் குறைவு. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்கூடப் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொன்னவருக்கு அத்தோடு வேலை முடிந்தது. கேட்டவர் காத்துக்கொண்டே கிடக்க வேண்டும். இதில் மரியாதை எங்கே இருக்கிறது?

என் அப்பாவும் இந்தச் சொல்லைச் சொன்னவர்தான். பிளஸ் டூ முடித்ததும், சேலத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்று கேட்டேன். “பாக்கலாங்கண்ணு,” என்று சொல்லிவிட்டு லோடு ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா பக்கம் போனார். லாரி திரும்பி வருவதற்குள் கல்லூரியில் சேர்க்கை முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் கேட்டபோதும் பார்க்கலாம்தான். அதற்கடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம்.

அப்பாவிடம் கையில் காசு இருந்திருக்காது. எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இல்லை என்று சொல்லியிருந்தால் ஒருநாள் அழுதுவிட்டு, தையல் கிளாசோ டைப்ரைட்டிங்கோ, வேறு எதையாவது பிடித்துக்கொண்டு போயிருப்பேன். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

செல்வி கேட்டது

செல்வி வெயிலில் களை எடுக்கக் காட்டுவேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். பண்ணை வேலை என்றால் நிழலில் இருக்கலாம் என்று வந்தாள். நிழல் இருக்கத்தான் செய்தது. கூடவே தீவனத் தூசும் இருந்தது, கூண்டுக்கடியில் குவிந்து கிடக்கும் எருவின் நெடியும் இருந்தது. உள்ளே நுழைந்தால் கண் கரிக்கும், தொண்டை எரியும். பழகிவிடும் என்பார்கள். செல்விக்குப் பழகவில்லை. மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

நாமக்கல் டாக்டர் வீசிங் என்று சொல்லி, உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்து, முதலில் அந்தத் தூசியை விட்டு வெளியே வா என்றார். வெளியே எங்கே போவாள்? புருஷனும் அங்கேயே தீவன மில்லில் மூட்டை தூக்குகிறவன். குடியிருப்பதும் பண்ணைக்குள்ளேயே, லைன் வீட்டில். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும்.

முட்டை ரூம் காற்றோட்டமான இடம். உட்கார்ந்து முட்டையைத் தரம் பிரித்து அட்டையில் அடுக்குகிற வேலை. அங்கே ஒருத்தி வேலையை விட்டு நின்று, அவள் இடம் காலியாகவே கிடந்தது. எடுத்து வைத்தால் முடிந்துபோகிற காரியம். ஆனால் ஷெட் வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் முதலாளி செல்வியிடம் கார் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

படிவம் வந்ததும் நான்தான் அவளுக்குப் போனில் போடக் கற்றுக்கொடுத்தேன். “இது காருக்குப் பொறத்தால ஓடற மாதிரி இல்ல செல்வி. எழுத்துல போகுது. பதில் சொல்லியே ஆகோணும்,” என்றேன். அவள் என்னை நம்பினாள்.

சேலத்து வகுப்பு

‘படிவம் செய்வதெல்லாம் ஒரு வேலையா, அதைப் போய்த் தொடராக எழுதுகிறீர்களே’ என்று, இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் தொடரின் போன பகுதியைப் படித்த ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். ஐயா, நீங்கள் ஒருமுறை ஆஸ்பத்திரியிலோ தாலுகா ஆபீசிலோ ஒரு படிவத்தின் முன்னால் திகைத்து நின்றிருப்பீர்கள். அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார், அல்லது யோசிக்காமல் செய்திருக்கிறார். அந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ளத்தான் நான் சனிக்கிழமைதோறும் ராசிபுரம் வழியாகச் சேலம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

முதலாளிக்குத் திடீர் ஞானோதயம் வந்து என்னை அனுப்பவில்லை. எங்கள் முட்டையை வாங்க இருந்த வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளர்களின் கோரிக்கைகளை எப்படிக் கையாளுகிறீர்கள், பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டது. பதிவு வேண்டும் என்றதும் என் நினைவு வந்தது. மற்றபடி ஆபீசில் எனக்குச் சம்பளப் பட்டியல் போடுகிற வேலைதான்.

வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் இளம்பெண். முதல் நாளே கம்ப்யூட்டரைத் தொடவிடவில்லை. “உங்க கம்பெனியில ஒரு விண்ணப்பம் யார்கிட்ட ஆரம்பிச்சு யார்கிட்ட முடியுதுன்னு வரைஞ்சு காட்டுங்க,” என்றார். நான் ஒரு பெண்ணை வரைந்தேன், ஒரு காரை வரைந்தேன், நடுவில் ஓர் அம்புக்குறி போட்டேன். அதற்குப் பிறகு வரைய ஒன்றுமே இல்லை. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் சிரிக்கிற விஷயமா இது என்று கோபம் வந்தது.

படிவம் போடுவது சுலபம். கட்டங்களை இழுத்து வைத்தால் போதும். அதை ஒர்க்ஃப்ளோவோடு இணைப்பதுதான் கஷ்டம். அனுப்பு என்று அழுத்தியதும் அது யாரிடம் போக வேண்டும், அவர் சரி என்றால் அடுத்து என்ன, இல்லை என்றால் என்ன என்று ஒவ்வொரு படியையும் நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாத இடத்தில் அது நின்றுபோகும்.

முதல் முயற்சியில் நான் அடித்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மெயில் முகவரியைக் கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டமாக வைத்துவிட்டேன். எங்கள் பண்ணையில் யாரிடம் மெயில் இருக்கிறது? சுவரில் ஒட்டியிருந்த ஆபீஸ் மெயிலைப் பார்த்து எல்லாரும் அதையே போட்டுவிட்டார்கள். சோதனைக்காக லீவு விண்ணப்பம் போடச் சொன்னால், மூன்று பண்ணைக்காரர்களின் லீவும் அந்த மெயிலைத் திறக்கிற எனக்கே கிடைத்தது. மெயிலைத் தூக்கிவிட்டுப் போன் நம்பரை வைத்தேன்.

எப்போது பார்ப்பீர்கள்?

மஞ்சள் பொத்தான் வந்த பிறகு பச்சையும் சிவப்பும் வெறும் அலங்காரம்தான். வருகிற விண்ணப்பம் எல்லாம் மஞ்சள். செல்வியின் போனில் ‘பார்க்கலாம்’ என்று ஒரு செய்தி போய் உட்கார்ந்திருந்தது. முன்பு காற்றில் போன சொல் இப்போது கையிலேயே இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருநாள் காலையில் ஷெட்டுக்குள்ளேயே அவளுக்கு மூச்சு முட்டி, உதடெல்லாம் நீலமாகி, முட்டை வண்டியில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டொரு நாளில் திரும்பி வந்து, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அதே ஷெட்டில் தீவனம் போட்டாள். செய்தி கேட்டேன். நேரே முதலாளியிடம் போனேன்.

“அய்யா, அந்த செல்வி விண்ணப்பம்…”

“அதான் பாக்கலாம்னு போட்டுட்டனே அம்மிணி.”

அவர் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. பதில் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். படிவத்தைத் திறந்து மஞ்சள் பொத்தானுக்குப் பின்னால் ஒரு கட்டம் சேர்த்தேன். ‘எந்தத் தேதிக்குள்?’ அதை நிரப்பாமல் நகர முடியாது. வருகிற ஒரு வாரத்துக்கு மேல் தேதி போட்டாலும் ஏற்காது. அந்தத் தேதியில் விண்ணப்பம் திரும்பி அவர் போனிலேயே வந்து நிற்கும். அப்போது மஞ்சள் இருக்காது.

முதலாளி எதிர்பார்த்ததுபோலவே சலித்துக்கொண்டார். “இதென்ன, தேதியெல்லாம் கேக்குது? தை பொறக்கட்டும்னு போட்டா எடுக்க மாட்டீங்குதே?”

“வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தேதி வேணுமாமுங்க,” என்றேன். முதல் விண்ணப்பத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதியில் பதில் சொன்னீர்கள் என்று அவர்கள் கேட்டிருந்தது உண்மைதான். தேதி கேட்டுத் திரும்பி வந்த செல்வியின் விண்ணப்பத்துக்கு, ஏற்கிற கடைசித் தேதியாகப் பார்த்துப் போட்டார்.

இன்னொன்று பாக்கி இருந்தது. அந்தத் தேதியிலும் அவர் ஒன்றையும் அழுத்தாவிட்டால்? அப்படியானால் அவருக்கு மேலே இருப்பவருக்குப் போக வேண்டும் என்பது வகுப்பில் படித்த பாடம். மேலே இருப்பவர் யார் என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட முடியாது.

முதலாளிக்குப் போன் போட்டேன். ராசிபுரத்தில் ஏதோ கல்யாணத்தில் இருந்தார், பின்னால் மேளச் சத்தம்.

“அய்யா, உங்களுக்கு மேல யாருன்னு கேக்குதுங்க. யார் பேரைப் போடட்டுங்க?”

சிரித்தார். “எனக்கு மேல யாரம்மிணி இருக்கறாங்க? ரெஜிஸ்ட்ரேசன்ல என்ன பேரு, நம்பரு இருக்குதோ அதையே போட்டுரு. பேப்பரெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்து இருக்கோணும் பாரு.”

அவர் நாற்காலிக்கு மேலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில், கம்பெனியின் ஜி.எஸ்.டி. சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. உரிமையாளர்: பழனியம்மாள். முதலாளியின் மனைவி.

ஓ.டி.பி. சொல்லும் முதலாளியம்மா

எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. பாதிக் கம்பெனிகள் மனைவி பேரில்தான் இருக்கும். வரிக்கு வசதி, பேங்குக்கு வசதி. கூரை ஷெட்டாக இருந்தபோது கூடை எடுத்து முட்டை பொறுக்கியவர்தான் பழனியம்மாள். கூரை தகரமானதும் அவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, பேரை மட்டும் சட்டத்துக்குள் மாட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு இந்தக் கம்பெனியில் அவருக்கு ஒரே ஒரு வேலை. போனில் ஓ.டி.பி. வந்தால் ஆடிட்டர் ஆபீசுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். எதற்கு வந்தது என்று கேட்கக்கூடாது.

நான் அந்தப் பேரையும் நம்பரையும் கட்டத்தில் போட்டேன். அவர் சொன்னதைத்தான் செய்தேன்.

செல்வியின் தேதி வந்தது, போனது. முதலாளி எதையும் அழுத்தவில்லை. அடுத்த நாள் எனக்குப் போன் வந்தது.

“அம்மிணி, பழனியம்மா பேசறேன். ஓ.டி.பி. ஒண்ணு வந்துருக்குது, ஆனா அதுல நம்பரே காணோமே?”

“அது ஓ.டி.பி. இல்லீங்கம்மா. உங்ககிட்ட அனுமதி கேட்டு வந்துருக்குதுங்க.”



“என்கிட்டயா?”

“ஆமாங்கம்மா. கம்பெனி உங்க பேருலதானுங்க இருக்குது.”

“அது இருக்குது…” என்று இழுத்தார். பிறகு, “ஆரு இந்த செல்வி? என்ன கேக்குது?” என்றார்.

சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனதையும் சொன்னேன். முட்டை ரூமில் இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்டார். அவள் போனால் ஷெட்டுக்கு யாரைப் போடுவீர்கள் என்று கேட்டார். கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து வேலை கேட்டு இரண்டு பேர் வந்திருப்பதைச் சொன்னேன். முதலாளி இத்தனை நாளில் கேட்காத கேள்விகளை அந்த அம்மா ஒரே மூச்சில் கேட்டார்.

“அப்பறம் இத எதுக்கு இத்தன நாளு போட்டு வெச்சுருந்தாங்க?”

“பாக்கலாம்னு சொன்னாருங்க.”

“ம்க்கும்,” என்றார். “எனக்குக் கல்யாணமானதுலருந்து அதத்தான் சொல்றாரு. செரி, எத அமுக்கோணும்?”

“பச்சைன்னா சரிங்க. செவப்புன்னா இல்லீங்க.”

நான் போனை வைக்குமுன்பே பண்ணை சூப்பர்வைசருக்கு உத்தரவு போய்விட்டது. மறுநாள் காலையில் செல்வி முட்டை ரூமில் உட்கார்ந்து அட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி இறங்கியது

முதலாளி அன்றைக்குத்தான் முதன்முறையாக என்னிடம் குரலை உயர்த்தினார்.

“ஊட்டுப் பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம் அனுப்பறே?”

“நீங்கதானுங்கய்யா ரெஜிஸ்ட்ரேசன்ல இருக்கற பேரப் போடச் சொன்னீங்க.”

கையால் மேலே காட்டினேன். அவர் திரும்பி, அந்தக் கண்ணாடிச் சட்டத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த நம்பர எடுத்துரு.”

“எடுத்தர்றேனுங்க. ஆனா ஓனர் நம்பர மாத்தறதுன்னா ஓனர்தானுங்க சரி சொல்லோணும். அம்மாகிட்ட அனுப்பட்டுங்களா?”

“வேண்டா இரு. பாக்கலாம்,” என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல் எனக்கு இனித்தது.

அந்த வாரமே எருமப்பட்டிக்குக் கார் போனது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பப் பண்ணையைப் படம் எடுப்பதற்காக நானும் முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். பழனியம்மாளும் வந்தார். நானும் வாரேன் என்று அவரே சொல்லி ஏறிக்கொண்டதாக டிரைவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

தீவன குடோன் அருகே கார் மெதுவானது. செல்வி ஓடி வந்தாள். முதலாளி பக்கம் கண்ணாடி பாதி இறங்கியது.

“சாமி, நீங்க நல்லா இருக்கோணுமுங்க. பாக்கலாம்னு சொன்னீங்க, சொன்ன மாதிரியே செஞ்சுட்டீங்க.”

முதலாளி கொஞ்சமும் கூசாமல் சிரித்தார். “நாந்தான் அப்பவே சொன்னேனல்ல சாமி.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் காரை விட்டுக் குதித்துவிடலாம்போல் இருந்தது. நீலம் பாரித்த உதட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள், அந்த நிலைக்கு ஆளாக்கியவரையே கும்பிட்டு நிற்கிறாள். அவரும் அதைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து குரல் வந்தது.

“வண்டிய நிறுத்து.”

டிரைவர் நிறுத்திவிட்டார். பழனியம்மாள் கதவைத் திறந்து இறங்கி, சேலையை உதறிக்கொண்டு செல்விக்கு எதிரே போய் நின்றார்.

“அவரில்ல கண்ணு. அமுக்குனது நானு. என்ற பேருலதான் கம்பெனி இருக்குது.”

செல்வி அவரைப் பார்த்தாள். காருக்குள் இருந்தவரைப் பார்த்தாள். மறுபடியும் பழனியம்மாளைப் பார்த்தாள். கும்பிட்ட கை இறங்கிவிட்டது.

“அப்படீங்களா? அப்ப பொம்பளையாளுக்கு ஒரு கக்கூஸ் கட்டிக் குடுங்கம்மா. இத்தன வருசமா ஷெட்டுக்குப் பொறத்தால முள்ளுக்குள்ளதான் போறோமுங்க.”

“பாக்கலாஞ் சாமி,” என்றார் முதலாளி காருக்குள் இருந்து.

பழனியம்மாள் அவர் பக்கம் திரும்பவில்லை. “எந்த எடத்துல கட்டுனா செரியா இருக்கும்னு வந்து காட்டு,” என்று செல்வியின் தோளில் கை வைத்துக்கொண்டு ஷெட்டின் பின்பக்கம் நடந்தார்.